திரட்டுகிறவரின் அதிகாரம்: கலிபோர்னியக் கருவூலர் ஜெஸ்ஸி அன்ரூ

1974-ல் ஜெஸ்ஸி அன்ரூ கலிபோர்னியாவின் மாநிலக் கருவூலர் பதவிக்கு நின்றார். வயது 52. அதற்கு முன் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றக் கீழவையின் சபாநாயகராக இருந்து, தலைநகர் சேக்ரமென்டோவை ஆட்டிவைத்தவர். 1970-ல் ஆளுநர் தேர்தலில் ரொனால்ட் ரீகனிடம் தோற்றார். 1973-ல் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் பதவிக்கு முயன்று முதல் சுற்றோடு நின்றுபோனார். அதன் பிறகு கருவூலர் பதவி. களைத்துப்போன அரசியல்வாதி சாய்ந்துகொள்ள ஒரு திண்ணை என்றுதான் அன்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

அப்படித் தோன்றியதற்கு அந்தப் பதவியின் இயல்பே காரணம். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். ஏறக்குறைய நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஆனால் தமக்கு வேண்டிய ஆட்களையெல்லாம் அவரே நியமித்துக்கொள்ள முடியாது. கலிபோர்னியாவில் அரசுத் தலைமை வழக்கறிஞர், கணக்குக் கட்டுப்பாட்டாளர், கருவூலர் ஆகியோரையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் ஆளுநருக்கு எதிர்க்கட்சிக்காரர்களாகவும் இருக்கலாம். கருவூலர் வரி போடுவதில்லை, பட்ஜெட் எழுதுவதில்லை. அரசின் ரொக்கத்தைக் காப்பது, செலவுக்குத் தேவைப்படும் நாள்வரை சும்மா கிடக்கும் தொகையை முதலீடு செய்வது, கடன் பத்திரங்களை விற்பது ஆகியவையே அவருடைய வேலை. சார்லஸ் ஜான்சன் என்பவர் 1923 முதல் 1956 வரை 33 ஆண்டுகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

அன்ரூ 1975 ஜனவரியில் பதவியேற்று, 1987 ஆகஸ்டில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதற்குள் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ், வாஷிங்டனின் மத்திய நிதித் துறையை விட்டுவிட்டால் நாட்டிலேயே அரசியல் பலம் மிகுந்த பொதுநிதி அதிகாரி இவர்தான் என்று எழுதும் நிலை வந்துவிட்டது. சபாநாயகர் அன்ரூ ஒருவர், கருவூலர் அன்ரூ வேறொருவர் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பதவியிலும் அவர் செய்தது ஒரே காரியம்தான். பல கைகளில் சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் திரட்டினார். திரட்டுகிற இடத்தில் தாம் உட்கார்ந்துகொண்டார்.

அவர் பிறந்தது 1922 செப்டம்பர் 30 அன்று, கான்சஸ் மாநிலத்து நியூட்டனில். வளர்ந்தது டெக்சஸில், வாரத்துக்குப் பயிரிட்டுப் பிழைத்த ஏழைக் குடும்பத்தில். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து, அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுகளில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்து 1948-ல் பட்டம் பெற்றார். கீழவைக்கு இரண்டு முறை நின்று தோற்று, 1954-ல் வென்றார்.

அவர் நுழைந்த சட்டமன்றம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல ஒரு புகைப்படம் போதும். 1949-ல் ‘கோலியர்ஸ்’ வார இதழில் வெளியானது அது. பீர் உற்பத்தியாளர்கள் முதலான தொழில்துறையினருக்காகச் சட்டமன்றத்தில் காரியம் முடித்துக் கொடுத்துவந்த ஆர்ட்டி சாமிஷ், பருத்த உடம்போடு உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பேசும் பொம்மை. பொம்மையின் பெயர் ‘மிஸ்டர் சட்டமன்றம்’. குரல் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. இந்தப் படம் எழுப்பிய கூச்சலில் சாமிஷுக்குச் சட்டமன்றக் கதவு மூடப்பட்டது. பிறகு வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்கும் போனார். ஆனால் அவரை உருவாக்கிய நிலைமை மாறவில்லை. அன்றைய உறுப்பினர் பகுதிநேர ஊழியர். ஒற்றைப்படை ஆண்டில் 120 நாள் கூட்டம், இரட்டைப்படை ஆண்டில் பட்ஜெட்டுக்கென்று 30 நாள். சம்பளம் சொற்பம். சொந்த உதவியாளர்கள் கிடையாது. ஒரு மசோதாவின் நன்மை தீமை தெரிய வேண்டுமென்றால், அதனால் லாபமோ நட்டமோ அடையப்போகும் தொழிலின் தரகரையே கேட்க வேண்டும். தேர்தல் செலவுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். தகவலும் பணமும் ஒரே ஆளிடம் இருந்தால் மூன்றாவதாக வாக்கும் அவரிடம் போய்ச் சேரும்.

அன்ரூவின் தொடக்க ஆண்டுகளில் இதைப்பற்றிய கொள்கை எதுவும் வெளிப்படவில்லை; சட்டங்கள் வெளிப்பட்டன. 1958 தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியையும் இரு அவைகளையும் பிடித்தது. மறு ஆண்டே அவர் பெயரில் இரண்டு சட்டங்கள் வந்தன. தவணை முறை விற்பனையில் கடைக்காரர்கள் வாங்குகிறவரை ஏமாற்றாமல் இருக்கக் கட்டுப்பாடு விதித்தது ஒன்று. கடனில் உழன்ற வீட்டுப் பிள்ளைக்கு அதன் அவசியத்தை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. இன்றும் நீதிமன்றங்களில் நாள்தோறும் புழங்குகிற மற்றொன்று, அன்ரூ குடிமை உரிமைச் சட்டம். எந்த வணிக நிறுவனமும் இனம், நிறம், மதம், பூர்விகம் பார்த்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது அது. மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது. அதைவிட எல்லை விரிந்தது. கறுப்பினத் தம்பதிக்கு வாடகை வீடு தர மறுத்த சான்டா ஆனா நகர வழக்கு ஒன்று இந்தச் சட்டத்தின் பேரில் தொடங்கி, 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றது. பாலினமும் உடல் ஊனமும் பின்னாளில் சேர்க்கப்பட்டன. இன்று ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் நட்டஈடு.

1961 செப்டம்பர் 30, அவருடைய 39-ஆவது பிறந்த நாளன்று, அன்ரூ சபாநாயகரானார். நம் ஊர் சபாநாயகரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது. அங்கே சபாநாயகர்தான் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்தக் குழுவுக்கு யார் தலைவர், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதெல்லாம் அன்று அவர் கையில். அன்ரூ அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். சேமிப்பு வங்கித் தொழிலதிபர் ஹவர்டு அகமன்சன் போன்றவர்களிடமிருந்து தேர்தல் நிதி பெற்று, தாம் தேர்ந்தெடுத்த வேட்பாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். முன்பு தரகர் தனித்தனியாக ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொடுத்த பணம் இப்போது சபாநாயகர் அறை வழியாகப் போனது. வென்று வந்தவர் தரகருக்குப் பட்ட கடனைவிட அன்ரூவுக்குப் பட்ட கடன் பெரிது. பணம் அரசியலுக்குத் தாய்ப்பால் என்று அவர் சொன்னது அமெரிக்க அரசியலில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. தரகர்களின் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மதுவைக் குடித்துவிட்டு, அவர்களுக்கு எதிராக வாக்களிக்கத் தெரியாதவனுக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை என்கிற பொருளில் அவர் பேசியதும் அதே அளவு புகழ்பெற்றது. சீர்திருத்தம் பேசியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். அன்ரூவுக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை.

சுமார் 130 கிலோ எடை, உரத்த குரல், பழிவாங்கத் தயங்காத குணம். ‘பிக் டாடி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை. 1963 ஜூலை இறுதியில் நடந்த ஒரு சம்பவம் அந்தப் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அன்று பட்ஜெட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. குடியரசுக் கட்சியினர் இல்லாமல் முடியாது. பள்ளி நிதி மசோதாவில் என்ன இருக்கிறது என்று காட்டும்வரை வாக்களிக்க மாட்டோம் என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அன்ரூ அவை விதி ஒன்றைப் பிரயோகித்துக் கதவுகளைப் பூட்டச் சொன்னார். உறுப்பினர்கள் இரவு முழுவதும், மறுநாளும், ஏறத்தாழ ஒரு முழு நாள் உள்ளேயே கிடந்தார்கள். நாற்காலிகளில் சாய்ந்து தூங்கிய உறுப்பினர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. சிறைவைக்கப்பட்ட சிறுபான்மை, சாவியை வைத்திருக்கும் சர்வாதிகாரி: எதிர்க்கட்சிக்கு இதைவிட நல்ல பிரசாரம் கிடைத்திருக்காது. பூட்டு திறந்த பிறகும் அந்தப் படிமம் அவரை விடவில்லை.

ஆனால் அதே ஆள்தான் சட்டமன்றத்துக்குச் சொந்த மூளையைக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்களை நியமித்தார். சிறுபான்மைக் கட்சிக்கும் தனி ஆய்வாளர்களை ஒதுக்கினார். இதைத்தான் அவருடைய விமர்சகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1966 நவம்பரில் மக்கள் ஒப்புதல் பெற்ற 1-ஏ என்ற அரசமைப்புத் திருத்தம் சட்டமன்றத்தை ஆண்டுதோறும் கூடும் முழுநேர அமைப்பாக்கியது. சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலரிலிருந்து 16,000 டாலராக உயர்ந்தது. மாநிலச் சட்டமன்றங்களை ஒப்பிட்டு 1971-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு கலிபோர்னியாவுக்கு முதலிடம் தந்தது. அப்போது அன்ரூ சட்டமன்றத்திலேயே இல்லை.

இடையில் ஜூன் 1968. ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ராபர்ட் கென்னடியின் கலிபோர்னியப் பிரசாரத்தை முன்னின்று நடத்தியவர் அன்ரூ. அம்பாசடர் ஹோட்டலின் சமையற்கட்டு வழியில் கென்னடி சுடப்பட்டபோது அவர் அங்கே இருந்தார். சுட்டவனைக் கூட்டம் அங்கேயே அடித்துக் கொன்றுவிடும் நிலை. அன்ரூ மேசையொன்றின்மேல் ஏறி, அவனை உயிரோடு விடும்படி கத்தினார். ராபர்ட்டின் அண்ணன் ஜான் கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டு டல்லாஸில் விசாரணைக்கு வராமலே செத்துப்போய் ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. போலீஸ் வண்டியில் சுட்டவனோடு அன்ரூவும் ஏறிக் காவல் நிலையம்வரை போனார். அவரைப்பற்றி என்ன சொன்னாலும், அந்தச் சில நிமிடங்களில் நிதானம் இழக்காத ஒருவராக அவர் இருந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் ஜனநாயகக் கட்சி கீழவைப் பெரும்பான்மையை மயிரிழையில் இழந்தது, 41-க்கு 39. சபாநாயகர் பதவி போனது. 1970-ல் ரீகனை எதிர்த்து ஆளுநர் தேர்தலில் இறங்கினார். ரீகன் தரப்புக்கு ஈடாகச் செலவழிக்கப் பணம் இல்லை. பணத்தைப் பங்கிட்டே பெயரெடுத்தவருக்கு நேர்ந்தது அது. அதனால் செலவில்லாத விளம்பரம் தேடினார். செப்டம்பரில் தொழிலாளர் தினத்தன்று பத்திரிகையாளர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, பெல் ஏர் பகுதியில் ரீகனின் நிதிப் புரவலரான எண்ணெய்த் தொழிலதிபர் ஹென்றி சால்வடோரியின் மாளிகை வாசலுக்குப் போனார். ரீகன் கொண்டுவந்த வரித் திட்டத்தால் இந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு சொத்துவரி மிச்சமாகும் என்று கேட்டுக்கு வெளியே நின்று கணக்குச் சொல்லத் தொடங்கினார். வீட்டுக்காரரும் மனைவியும் வெளியே வந்துவிட்டார்கள். கேமராக்களுக்கு முன்னால் வாக்குவாதம் நடந்தது. சொன்ன விஷயத்தில் நியாயம் இருந்தது. பார்த்தவர்கள் கண்ணில் பதிந்ததோ, ஒரு குடும்பத்தின் விடுமுறை நாளில் வாசலில் போய் நின்று சண்டையிடும் தடித்த அரசியல்வாதி. ரீகன் ஏறக்குறைய 53-க்கு 45 சதவீதம் என்று வென்றார்.

இப்போது கருவூலத்துக்கு வருவோம். 1974 கலிபோர்னியாவில் சீர்திருத்த ஆண்டு. தரகர் ஒருவர் உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 10 டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று ஜூன் மாதம் மக்களே வாக்களித்துச் சட்டம் செய்தார்கள். வாட்டர்கேட் ஊழலின் சூடு அது. அந்தச் சூட்டிலும் பழைய அன்ரூ நவம்பரில் வென்றார் என்றால், கருவூலர் பதவியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் அவர் பார்த்தது எண்கள். மாநிலப் பணத்தோடு, நகராட்சி, மாவட்டம், பள்ளி, குடிநீர் வாரியம் என்று நூற்றுக்கணக்கான உள்ளாட்சி அமைப்புகளிடமும் வரி வந்த நாளுக்கும் செலவு நாளுக்கும் இடையே சும்மா தூங்கும் பணம் இருந்தது. 1977-ல் தொடங்கிய உள்ளாட்சி முதலீட்டு நிதி, அவர்கள் விரும்பினால் அந்தப் பணத்தை மாநிலக் கருவூலத்தின் பொதுத் தொகுப்பில் போட்டுவைக்க வழிசெய்தது. ஒரு சிறு குடிநீர் வாரியமும் பெரிய நகரத்துக்குக் கிடைக்கும் வட்டியையே பெறலாம். கருவூலர் முதலீடு செய்யும் தொகை அந்த அளவுக்குப் பெருத்தது. அதற்கேற்ப வங்கிகளும் பத்திர வணிகர்களும் அவர் அறை வாசலில் நின்றார்கள்.

மறு ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் முன்மொழிவு வந்தது. சொத்துவரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்திய இந்த மக்கள் சட்டத்துக்கு ஏறத்தாழ 65 சதவீத ஆதரவு. பணவீக்கத்தால் வீடுகளின் மதிப்பும் வரியும் ஏறிக்கொண்டே போக, சேக்ரமென்டோவிலோ பல நூறு கோடி டாலர் உபரி குவிந்து கிடந்தது. அன்ரூ அதை ஆபாசமான உபரி என்றார். 13-ஆம் முன்மொழிவுக்குத் தகப்பன் ஆளுநர் ஜெர்ரி பிரவுன்தான் என்றும் சொன்னார். சொந்தக் கட்சி ஆளுநர், அதிலும் பழைய எதிராளியான முன்னாள் ஆளுநர் பேட் பிரவுனின் மகன். அரசியல் வன்மம் இருந்திருக்கலாம், கணிப்பு தவறில்லை.

அந்தச் சட்டத்தின் விளைவு ஒன்று கருவூலருக்கு அனுகூலமாக முடிந்தது. சொத்துவரியை ஈடுகாட்டி உள்ளாட்சிகள் கடன் பத்திரம் வெளியிடும் வழி அடைபட்டது. 1986-ல்தான் மீண்டும் திறந்தது. பள்ளியோ மருத்துவமனையோ கட்ட வேண்டுமென்றால் வேறு வகைப் பத்திரங்களைத் தேட வேண்டும். மருத்துவமனை, கல்வி நிறுவனம், மாசுக் கட்டுப்பாடு, மாற்று எரிசக்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிதி ஆணையம் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் உருவானது. பலவற்றில் சட்டப்படியே தலைவர் கருவூலர். இந்த ஆணையங்களின் பத்திரத்துக்கு மாநிலம் பொறுப்பல்ல. கடனைக் கட்டுவது மருத்துவமனை. ஆனால் ஆணையத்தின் பெயரில் வெளியானால் வட்டிக்கு வரிவிலக்கு உண்டு, அதனால் வட்டி குறைவு. இந்தச் சலுகையை யாருக்கு, எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் அன்ரூ இருந்தார். பத்திரத்தை விற்றுத்தரும் நிறுவனம் எது, சட்ட ஆலோசகர் யார் என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வருபவை. ஒவ்வொன்றுக்கும் கமிஷன் உண்டு.

பத்திர நிறுவனங்கள் அவருடைய தேர்தல் நிதிக்குத் தாராளமாகக் கொடுத்தன. 1978, 1982, 1986 என்று மூன்று முறையும் அவர் எளிதாக வென்றார். அவ்வளவு பணத்துக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் சேரும் தேர்தல் நிதிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் மழுப்பவில்லை, அரசியலுக்குப் பணம் வேண்டும் என்ற பழைய பதில்தான். அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1994-ல், நகராட்சிப் பத்திரச் சந்தைக்கான தேசிய விதி ஒன்று வந்தது: அதிகாரிக்குத் தேர்தல் நிதி கொடுத்த நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு அவரிடம் பேரம் பேசிப் பத்திர வேலை பெற முடியாது. அன்ரூ மட்டுமே அதற்குக் காரணமில்லை, நாடெங்கும் நடந்ததுதான். ஆனால் அந்த வழக்கத்தை இவ்வளவு கூச்சமில்லாமல் நடத்தியவர்கள் குறைவு.

அவர் செய்ததில் மிக நீண்ட காலம் நின்றது ஓய்வூதிய நிதி தொடர்பானது. கருவூலர் என்ற முறையில் அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதிய வாரியங்கள் இரண்டிலும் அவர் உறுப்பினர். 1984-ல் டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தின் பத்தில் ஒரு பங்கை முதலீட்டாளர்களான பாஸ் சகோதரர்கள் வாங்கிக் குவித்தார்கள். கையகப்படுத்திவிடுவார்களோ என்று பயந்த நிர்வாகம், அந்தப் பங்குகளைச் சந்தை விலைக்கு மேல் சுமார் 137 மில்லியன் டாலர் அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கி அவர்களை அனுப்பிவைத்தது. மற்ற பங்குதாரர்களுக்கு அந்த விலை கிடையாது. கலிபோர்னிய அரசு ஊழியர் நிதியும் அந்த ‘மற்றவர்’களில் ஒன்று. தம் நாற்காலியைக் காப்பாற்ற மேலாளர்கள் பங்குதாரர் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்ரூ கொதித்தார். அவர் வாயிலிருந்து வந்ததால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனாலும் சொன்னது சரி.

1985-ல் நியூயார்க் நகரக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஹாரிசன் கோல்டினும் நியூஜெர்சியின் ரோலண்ட் மக்கோல்டும் அவரும் சேர்ந்து நிறுவன முதலீட்டாளர் மன்றத்தைத் தொடங்கினார்கள். சுமார் இருபது பொது ஓய்வூதிய நிதிகள் சேர்ந்தன. தனித்தனியாக ஒவ்வொரு நிதியும் ஒரு நிறுவனத்தில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோதான் வைத்திருக்கும். நிர்வாகம் பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டுப் போவதே அதுவரை வழக்கம். சேர்ந்து நின்றால் விற்க வேண்டியதில்லை, கேள்வி கேட்கலாம். பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவையும் தலைமை நிர்வாகிகளின் சம்பளத்தையும் ஓய்வூதிய நிதிகள் கேள்வி கேட்பது இன்று சாதாரணம். அந்தப் பழக்கம் வேரூன்றிய இடங்களில் முக்கியமானது இந்த மன்றம். கீழவை வேட்பாளர்களுக்கு நிதி பகிர்ந்த மனிதரின் கணக்குத்தான் இங்கேயும் ஓடியது. வேறுபாடு, எதிரில் இருந்தவர் மட்டுமே.

சட்டமன்றத்தில் அவர் கட்டியதற்கு வேறு கதி. முழுநேர உறுப்பினருக்குப் பதவியே பிழைப்பு. அதைக் காக்கத் தேர்தல் செலவு ஏறியது. பிற்காலச் சபாநாயகர்கள் அன்ரூவின் நிதித் திரட்டலை அவர் கனவிலும் காணாத அளவுக்கு வளர்த்தார்கள். 1988-ல் மத்திய புலனாய்வுத் துறை லஞ்சப் பொறி வைத்துச் சட்டமன்ற அலுவலகங்களில் சோதனை போட்டது. 1990-ல் 140-ஆம் முன்மொழிவு கீழவை உறுப்பினருக்கு மூன்று தவணை, மேலவை உறுப்பினருக்கு இரண்டு தவணை என்று வரம்பு விதித்ததோடு, சட்டமன்றத்தின் செலவையும் வெட்டியது. ஆய்வாளர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். உறுப்பினர்களுக்கு எங்கிருந்து தகவல் வர வேண்டும் என்பதற்காக அன்ரூ போட்ட அடித்தளமே முதலில் அடிவாங்கியது. பணம் திரட்டும் பழக்கத்தை அந்தச் சட்டம் தொடவே இல்லை. சீர்திருத்தங்கள் இப்படி எதை உடைக்க வேண்டுமோ அதைத் தவறவிடுவது அபூர்வமல்ல.

1987 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அன்ரூ புற்றுநோயால் இறந்தார். வயது 64. மிச்சமிருந்த தவணைக்கு, குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன், தம் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் டான் லங்கரனை நியமித்தார். கீழவை ஒப்புக்கொண்டது, மேலவை மறுத்தது. ஓர் அவை ஒப்புக்கொண்டாலே போதும் என்று ஆளுநர் வாதிட, வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1988 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஓராண்டுக்கு மேல் துணை அதிகாரி ஒருவர் கருவூலத்தை நடத்தினார். பிறகு தலைமைத் தணிக்கையாளராக இருந்த தாமஸ் ஹேய்ஸை இரு அவையும் ஏற்க, அவர் 1989-ல் பொறுப்பேற்றார். 1990 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் கேத்லீன் பிரவுன்: பேட் பிரவுனின் மகள், ஜெர்ரியின் தங்கை. நான்கே ஆண்டுகளில் அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அடுத்துக் கருவூலரான மேட் ஃபாங் அமெரிக்க செனட்டுக்கு நின்று தோற்றார். பின்னால் வந்த கருவூலர்களில் ஃபில் ஆஞ்சலிடிஸ் 2006-லும் ஜான் சாங் 2018-லும் ஆளுநராக முயன்று முடியாமல் போனார்கள். அன்ரூவுக்குப் பின் கருவூலர் நாற்காலியில் உட்கார்ந்த எவரும் இதுவரை ஆளுநர் ஆகவில்லை. முயன்றவர்களுக்கு மட்டும் குறைவில்லை.